முரட்டுக் குதிரையிலிருந்து பெண்களை இறக்கியது எது?

குளம்பொலி (இழையைத் தொடங்கியவர்)

பல நாட்களாக ஒரு பழைய புகைப்படம் என்னை விட்டு அகலவில்லை. 1915ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள பெண்டில்டன் என்ற ஊரில், ரவுண்ட்-அப் எனப்படும் ரோடியோ விழாவில் (குதிரையேற்றம், மாடு பிடித்தல் போன்ற போட்டிகள் நடக்கும் விழா) எடுத்தது. சில்வர் என்ற குதிரை ஒரு பெண்ணைத் தூக்கி எறிந்துவிட்டது. அவர் தலை கீழாகவும் கால் மேலாகவும் தரையை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். பெயர் பானி மெக்கரோல். ஐடஹோ மாநிலத்துப் பெண். அப்போது பதினெட்டு வயது.

அந்த விழுதலிலிருந்து அவர் எழுந்துவிட்டார். மீண்டும் ஏறினார். 1922இல் வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரில் நடந்த பெரிய விழாவிலும், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த முதல் ரோடியோவிலும் துள்ளும் குதிரையில் விழாமல் அமர்ந்திருக்கும் முரட்டுக் குதிரை ஏற்றத்தில் பெண்களுக்கான வாகையர் பட்டம் அவருக்குத்தான்.

1929 செப்டம்பரில் அதே பெண்டில்டனுக்கு வந்தார். கணவர் ஃபிராங்கும் ரோடியோக்காரர்; ஓடும் எருதின் கொம்பைப் பிடித்துச் சாய்ப்பது அவர் தொழில். இந்த விழாவோடு நிறுத்திக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்பது தம்பதியரின் திட்டம். பானிக்குக் கிடைத்த குதிரையின் பெயர் பிளாக் கேட். குதிரை அவரோடு சேர்ந்து குப்புற விழுந்து எழுந்தது. அவருடைய கால் அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் ஊன்றும் வளையத்தில், மாட்டிக்கொண்டது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, குதிரை துள்ளத் துள்ள அவர் தரையில் அடிபட்டபடியே இழுபட்டார். செப்டம்பர் 29ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். வயது 32.

கால் ஏன் விடுபடவில்லை என்பதுதான் என் கேள்வி. அன்று அவர் ஏறிய சேணத்தில் அங்கவடிகள் இரண்டும் குதிரையின் வயிற்றுக்கு அடியில் ஒரு வாரால் இணைத்துக் கட்டப்பட்டிருந்தன. கட்டிவிட்டால் அங்கவடி வீசி ஆடாது. கால் ஊன்ற உறுதியான பிடி கிடைக்கும். மேலே உட்கார்ந்திருப்பது சற்று எளிது. ஆனால் விழும்போது காலை உதறி விலக முடியாது. ஆண்கள் கட்டாத அங்கவடியில்தான் ஏற வேண்டும். பெண்களுக்கு மட்டும் இந்தக் கட்டு, அவர்கள் மெலிந்தவர்கள் என்ற இரக்கத்தில் கிடைத்த சலுகை.

அந்தச் சலுகைதான் பானியின் உயிரை எடுத்தது. அதற்குப் பின் பெண்டில்டன் விழாக்காரர்கள் அந்த வாரை அவிழ்க்கவில்லை. பெண்களின் முரட்டுக் குதிரைப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ரோடியோ, மேய்ச்சல் பண்ணை, குதிரை வாழ்க்கை ஆகியவற்றில் பெயர் பதித்த பெண்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். என் கோபம் நியாயமா என்றும் சொல்லுங்கள்.

---

செங்கரடு

கோபம் நியாயம். அதற்கு வலுச் சேர்க்கும் ஒரு பெயரை நான் தருகிறேன்: ஃபேனி ஸ்பெர்ரி ஸ்டீல்.

1887இல் மொன்டானாவில், ஹெலினா நகருக்கு வடக்கே மலையடிவாரப் பண்ணை ஒன்றில் பிறந்தவர். வாழ்நாள் முழுவதும் அங்கவடியைக் கட்டாமலே ஏறியவர். கட்டிக்கொண்டு ஏறுவது போட்டியே அல்ல, குதிரைக்குச் செய்யும் அநியாயம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

1912 செப்டம்பர், கனடாவின் கால்கரியில் ஸ்டாம்பீட் என்ற ரோடியோ விழா முதன்முறையாக நடந்தது. மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. ரெட் விங் என்றொரு குதிரை. அதே விழாவில் சில நாட்களுக்கு முன் ஜோ லமார் என்ற வீரர் அதன் காலடியில் மிதிபட்டு இறந்திருந்தார். இறுதிச் சுற்றில் ஃபேனிக்கு அந்தக் குதிரைதான் வந்தது. ஏறினார், கடைசிவரை அமர்ந்திருந்தார், உலக வாகையர் பட்டம் பெற்றார். 1000 டாலர் பணம், ஒரு சேணம், தங்க வார்ப்பூட்டு ஆகியவை பரிசு.

குளம்பொலி, உங்கள் கேள்விக்கான விடை இந்த ஒரு வாரத்திலேயே இருக்கிறது. ஓர் ஆண் இறந்தார். போட்டி நிற்கவில்லை. குதிரையைக்கூட ஒதுக்கிவைக்கவில்லை. சில நாட்களில் அதே குதிரையை ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து ஒரு பெண் இறந்தார். போட்டியே போய்விட்டது.

---

நெல்மணி

இதெல்லாம் எனக்குப் புதிது. ஒரு சந்தேகம். இந்தக் குதிரைகள் இயல்பிலேயே முரடா, அல்லது அடித்தும் குத்தியும் துள்ள வைக்கிறார்களா?

---

கால்நடை_மருத்துவன்

நெல்மணி, இரண்டும் உண்டு என்பதுதான் நேர்மையான பதில். அந்தக் காலத்தில் சேணம் ஏறாத, மனிதனைக் கண்டாலே மிரளும் குதிரைகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து நேரே பிடித்துவந்தார்கள். இப்போது துள்ளும் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் குதிரைகள் வருகின்றன. பின்தொடைக்கு முன்னால் அடிவயிற்றைச் சுற்றி ஒரு பட்டை கட்டுகிறார்கள். உறுத்தும் அந்தப் பட்டையை உதறித் தள்ளத்தான் குதிரை பின்னங்கால்களை அவ்வளவு உயரத்துக்கு வீசுகிறது. எவ்வளவு மென்மையான பட்டையாக இருந்தாலும் எனக்கு அது உவப்பில்லை. ஆனால் இழை பெண்களைப் பற்றியது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கவடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. குதிரையேற்றம் கற்கும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது, பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்க வேண்டும், விழுந்தால் கால் தானாக வழுக்கி வெளியே வர வேண்டும் என்பதுதான். தொங்கும் அங்கவடி காலின் போக்குக்குத் திரும்பிக் கொடுக்கும். வயிற்றுக்கடியில் இழுத்துக் கட்டியது திரும்பாது. கால் அங்கே ஒரு பொறியில் இருப்பதுபோல் இருக்கும்.

---

வைகைக்கரை

மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பானியின் மரணத்தோடு பெண்களின் குதிரை ஏற்றம் முடிந்துவிட்டது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது கதைக்கு அழகாக இருக்கிறது. வரலாறு அப்படி நடக்கவில்லை. 1930களிலும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் பெண்கள் முரட்டுக் குதிரை ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். மேற்கில் வாய்ப்புகள் குறைந்தன. கிழக்கின் பெருநகரங்களில் 1941 வரை அது நீடித்தது.

அப்படியானால் எது முடித்தது? நான் மூன்று காரணங்களைப் பார்க்கிறேன். 1929ஆம் ஆண்டிலேயே ரோடியோ நடத்துபவர்கள் ஒரு சங்கமாகத் திரண்டார்கள். எந்தெந்தப் போட்டிகள் தரமானவை, எவற்றுக்குப் புள்ளி உண்டு என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் பெண்கள் போட்டி ஒன்றுகூட இல்லை. தடை என்று எங்கும் எழுதப்படவில்லை. பட்டியலில் இல்லாததற்குப் பணம் ஒதுக்க யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான். அடுத்து, அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் வந்தது. செலவைக் குறைக்க நினைத்தவர்கள் முதலில் கைவைத்தது பெண்களுக்கான பரிசுப் பணத்தில்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1931இல் டெக்சாஸின் ஸ்டாம்ஃபோர்டில் நடந்த கௌபாய் விழாவில் புதிய வழக்கம் ஒன்று புகுந்தது. சுற்று வட்டார ஊர்களின் வணிகர்கள் ஆளுக்கொரு பெண்ணைத் தங்கள் ஊரின் சார்பில் அனுப்ப வேண்டும். அணிவகுப்பில் வர வேண்டும். உடை, குதிரையின் தோற்றம், ஓட்டும் நேர்த்தி எல்லாவற்றுக்கும் மதிப்பெண். 1939இல் நியூயார்க்குக்கும் இது போய்ச் சேர்ந்தது. போட்டியிட வந்த பெண்களுக்குப் பக்கத்திலேயே அழகாக வலம்வரும் பெண்கள் நின்றார்கள். 1942இல் திரைப்படப் பாடகர் ஜீன் ஆட்ரி பெரிய ரோடியோக்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தபோது பெண்களின் குதிரைப் போட்டி நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஆகவே பெண்டில்டன்காரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஒரே கதவை ஒரே நாளில் யாரும் அறைந்து சாத்தவில்லை. பல கைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தின.

---

குளம்பொலி

வைகைக்கரை எழுதியது: "ஒரே கதவை ஒரே நாளில் யாரும் அறைந்து சாத்தவில்லை."

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. 1941 வரை நீடித்தது என்பதை நான் எழுதாமல் விட்டது தவறு. பட்டியல் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு முன்பைவிட வேதனையாக இருக்கிறது. தடை போட்டிருந்தால் எதிர்த்து நின்றிருக்கலாம். பட்டியலில் இல்லாமல் போனவர் யாரிடம் போய் முறையிடுவார்?

ஆனால் ஒன்றில் மட்டும் நான் மாறவில்லை. செங்கரடு சொன்ன ஜோ லமார் மரணத்தையும் பானியின் மரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண் இறந்தால் அது தொழிலின் ஆபத்து. பெண் இறந்தால் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்வி. பணமில்லை, பட்டியலில் இல்லை என்று பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியின் மேல் ஏறித்தான் வந்தார்கள்.

டாட் லூகாஸ் பற்றி யாரும் எழுதவில்லையே! நெப்ராஸ்காவில் 1902இல் பிறந்தவர். வீட்டில் இருபத்து நான்கு பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. ஓடும் குதிரையின் சேணத்தில் எழுந்து நிற்பார். ஒரு பக்கமாக இறங்கி, குதிரையின் வயிற்றுக்கு அடியில் கால்களுக்கிடையே புகுந்து மறுபக்கம் ஏறி மீண்டும் சேணத்தில் அமர்வார். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இதைச் செய்யும்போது கீழே விழுந்து கை நொறுங்கியது. கை போய்விடுமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். கட்டுப்போட்ட கையோடு திரும்பி வந்து மீண்டும் வித்தை காட்டினார். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 10,000 டாலர் மதிப்புள்ள வெள்ளிக் கோப்பையை நிரந்தரமாகத் தனக்கே வென்றெடுத்தவரும் அவர்தான். பிழைத்தவர்களை நினைவில் வைக்காமல் இறந்தவரை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது முழுமையாகாது என்பதற்காக இதைச் சேர்க்கிறேன்.

---

ஏட்டுச்சுவடி

மைதானத்தில் எட்டு வினாடி அமர்ந்திருந்தவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். கைதட்டல் இல்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் சேணத்தில் இருந்தவர்களும் உண்டு. என் மனம் அவர்கள் பக்கம்தான்.

மார்கரெட் போர்லண்ட். டெக்சாஸின் விக்டோரியா ஊர்க்காரர். மூன்று கணவர்களை இழந்தவர். மூன்றாம் கணவரும் பிள்ளைகள் சிலரும் 1867இல் பரவிய மஞ்சள் காய்ச்சலில் போனார்கள். மாடுகளும் நிலமும் அவர் பொறுப்புக்கு வந்தன. அப்போது டெக்சாஸில் மாட்டுக்கு விலை கிடையாது. கன்சாஸ் வரை ஓட்டிப் போய் இரயிலடியில் விற்றால்தான் காசு. 1873 வசந்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளோடு புறப்பட்டார். மேய்ப்பர்களை வேலைக்கு அமர்த்தினார், தலைமை அவருடையது. வீட்டில் விட ஆளில்லாததால் மீதமிருந்த பிள்ளைகளையும் சின்னஞ்சிறு பேத்தியையும் கூட்டிக்கொண்டார்.

இரண்டு மாதப் பயணம். ஆறுகளைக் கடக்க வேண்டும். இடி இடித்தால் மந்தை மிரண்டு ஓடும்; இருட்டில் அதைச் சுற்றிவளைத்துத் திருப்ப வேண்டும். விச்சிட்டா வந்து சேர்ந்துவிட்டார். மாடுகளை விற்பதற்குள் காய்ச்சல் கண்டு 1873 ஜூலை 5ஆம் தேதி அங்கேயே இறந்தார். கணவர் துணையின்றித் தன் பொறுப்பில் அப்படியொரு மந்தையை ஓட்டிச் சென்ற பெண்ணாக அறியப்படுபவர் அவர் ஒருவர்தான்.

லிசி ஜான்சன் வேறு மாதிரி. பள்ளி ஆசிரியை. மாட்டு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தே அந்தத் தொழிலின் நெளிவுசுளிவைக் கற்றுக்கொண்டார். பத்திரிகைகளுக்குக் கதை எழுதிக் கிடைத்த பணத்தையும் மாட்டில் போட்டார். 1871இல் தன் பெயரில் சூட்டுக்குறி பதிவு செய்தார். 1879இல் மணமுடித்தபோது தன் சொத்து தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று கணவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு இருவருமாக, டெக்சாஸிலிருந்து கன்சாஸுக்குப் போகும் சிஷம் தடத்தில் மாடு ஓட்டிப் போனார்கள். அவர் மந்தை வேறு, இவர் மந்தை வேறு! கணவர் கடன் கேட்டால் கொடுப்பார், திருப்பியும் வாங்கிக்கொள்வார். 1879இல் இப்படி ஒரு பத்திரம் எழுத எவ்வளவு தெளிவு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹென்ரியெட்டா கிங் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதிரியாரின் மகள். 1885இல் கணவர் ரிச்சர்ட் கிங் இறந்தபோது டெக்சாஸில் இருந்த பெரும் பண்ணையோடு சுமார் 5 லட்சம் டாலர் கடனும் அவர் தலையில் விழுந்தது. அன்று முதல் கறுப்பு உடைதான். மருமகன் ராபர்ட் கிளேபர்க்கை நிர்வாகத்துக்கு வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் பண்ணையைக் கட்டிக்காத்தார். கடன் தீர்ந்தது. 1925இல் அவர் 92 வயதில் இறந்தபோது நிலம் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. அடக்கத்தன்று பண்ணையின் மேய்ப்பர்கள் ஏறக்குறைய இருநூறு பேர் வேலை உடையிலேயே குதிரைகளில் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த குழியைக் குதிரையோட்டத்தில் ஒருமுறை சுற்றிவந்துவிட்டு மேய்ச்சலுக்குத் திரும்பினார்கள்.

---

கருவேலங்காடு

ஏட்டுச்சுவடி அக்கா, அந்த அடக்கக் காட்சியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்த இருநூறு பேர் யார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அவர்கள் வக்கேரோக்கள், மெக்சிகோவைச் சேர்ந்த மாடு மேய்ப்பர்கள். 1850களில் ரிச்சர்ட் கிங் வடக்கு மெக்சிகோவின் குரூயாஸ் என்ற ஊருக்கு மாடு வாங்கப் போனார். வறட்சியில் வாடிய அந்த ஊர் மக்கள் நூறு பேருக்கு மேல் குடும்பம் குடும்பமாக அவரோடு பண்ணைக்குப் பெயர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்தார்கள். அந்த நிலப்பரப்பில் முன்பிருந்த மெக்சிகோக் குடும்பங்கள் நிலத்தை இழந்த கதையும் இருக்கிறது. இன்று நாம் கௌபாய் பண்பாடு என்று சொல்வதில் பாதி இவர்களிடமிருந்து வந்ததுதான். ரோடியோ என்ற சொல்லே ஸ்பானிய மொழியில் மந்தையை வளைத்துத் திரட்டுவது. சேணத்தின் முன்னே நிற்கும் கொம்பும் சுருக்குக் கயிறும் அவர்கள் வழி வந்தவை.

அந்த மரபின் பெண்களும் இந்த இழையில் இடம்பெற வேண்டும். ரோடியோவைப் போன்ற மெக்சிகோவின் சர்ரேரியா விழாக்களில் எஸ்கராமுசா என்று ஒரு போட்டி உண்டு. 1953இல் தொடங்கியது. எட்டுப் பெண்கள். அகன்ற விரிபாவாடை. இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு உட்காரும் சேணம். அப்படி அமர்ந்தபடியே குதிரையை முழு வேகத்தில் விரட்டி, எதிரெதிரே வந்து, ஒருவர் இடைவெளியில் மற்றவர் புகுந்து போவார்கள். ஒரு நொடி பிசகினால் இரண்டு குதிரைகள் நேருக்கு நேர் மோதும். உடையைப் பார்த்து அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலின் துணையே இல்லாமல் அந்த வேகத்தில் குதிரையைத் திருப்புவது சாதாரணமல்ல.

---

ஏட்டுச்சுவடி

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. நிலத்தின் கதையையும் சேர்த்துத்தான் அந்த அம்மையாரை நினைக்க வேண்டும்.

---

மூன்று_பீப்பாய்

எல்லோரும் இழந்ததையே எழுதுகிறீர்கள். மீட்டதை நான் எழுதுகிறேன்!

வைகைக்கரை ஐயா சொன்ன அந்த அணிவகுப்புப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களைக் குறைவாக எடை போட்டுவிட வேண்டாம். குதிரை ஓட்டும் நேர்த்தியைக் காட்ட அவர்களைப் பீப்பாய்களைச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள். அவர்களில் பலர் பண்ணை வீட்டுப் பெண்கள். கன்றுக்குச் சுருக்குப் போடத் தெரிந்தவர்கள். உடைக்கு மதிப்பெண் வேண்டாம், கடிகாரத்தை வையுங்கள் என்றார்கள். பீப்பாய் ஓட்டம் பிறந்தது அங்கேதான்.

1947இல் நான்சி பின்ஃபோர்டு, தீனா மே ஃபார் என்ற இரு பெண்கள் டெக்சாஸின் அமரில்லோவில் பெண்கள் மட்டுமே போட்டியிடும் ரோடியோ ஒன்றை நடத்தினார்கள். பார்வையாளர் இருக்கைகள் நிரம்பின. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1948 பிப்ரவரியில் சான் ஆஞ்சலோ நகர ஓட்டல் ஒன்றில் 38 பெண்கள் கூடி சங்கம் தொடங்கினார்கள். முதலாண்டு உறுப்பினர்கள் 74 பேர், போட்டிகள் 60, மொத்தப் பரிசு 29,000 டாலர். இன்றுவரை பெண்களே நடத்தும் சங்கம் அது.

ரோடியோவின் தேசிய இறுதிச் சுற்று மேடைக்குள் பீப்பாய் ஓட்டப் பெண்கள் 1967இல் நுழைந்தார்கள். பரிசுப் பணம் ஆண்களைவிடக் குறைவு. 1985க்குள் சமமாகத் தராவிட்டால் வரமாட்டோம் என்று சங்கம் கெடு வைத்தது. 1985இல் பெரும்பாலான ரோடியோக்களில் சமப் பணம் வந்தது. தேசிய இறுதிச் சுற்றில் அது வந்தது 1998இல்தான்.

1985ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் ஆட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மைதானத்தில் முக்கோணமாக மூன்று பீப்பாய்கள். முதல் இரண்டுக்கும் இடையே 90 அடி; அவற்றிலிருந்து மூன்றாவதற்கு 105 அடி. ஒவ்வொன்றையும் முழு வட்டமாகச் சுற்றிவிட்டு வாயிலை நோக்கிப் பறக்க வேண்டும். ஒரு பீப்பாய் சாய்ந்தால் ஐந்து வினாடி கூடும். வெற்றி தோல்வி நூறில் ஒரு பங்கு வினாடியில் முடிவாகும் ஆட்டத்தில் ஐந்து வினாடி என்றால் அதோடு முடிந்தது.

சார்மேன் ஜேம்ஸ். நியூ மெக்சிகோவின் கிளேட்டன் ஊர்ப் பெண். 14 வயதில், 1984இல், முதல் உலகப் பட்டம். குதிரை ஸ்காம்பர், தந்தை 1,100 டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு லாஸ் வேகஸ் இறுதிப் போட்டியின் ஏழாம் சுற்றில் ஸ்காம்பர் மைதானத்துக்குள் பாய்ந்தபோது கடிவாளத் தலைவார் கழன்றுவிட்டது. முதல் பீப்பாயைச் சுற்றும்போது தலையில் வார் இல்லை; வாயிரும்பை மட்டும் குதிரை பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறது. இழுத்து நிறுத்தவும் வழியில்லை, திருப்பவும் வழியில்லை. அந்தப் பெண் உடம்பின் சாய்வாலும் காலின் அழுத்தத்தாலும் மட்டுமே ஓட்டினார். குதிரைக்கு வழி தெரிந்திருந்தது. இரண்டாவது பீப்பாய், மூன்றாவது பீப்பாய், எதுவும் சாயவில்லை. வாயிலைத் தாண்டும்போது வாயிரும்பும் வெளியே வந்து மார்பில் தொங்கியது. அந்தச் சுற்றில் முதலிடம் அவர்களுக்குத்தான்!

அந்தக் காட்சிப்பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் மூன்றாவது பீப்பாயில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்துப் பட்டங்கள். ஸ்காம்பருக்குப் பின் வேறொரு குதிரையில் 2002இல் பதினொன்றாவது. ஸ்காம்பர் 35 வயது வரை வாழ்ந்து 2012இல் இறந்தது.

---

செங்கரடு

மூன்று_பீப்பாய், அருமை. ஒரு தகவல் உங்கள் பதிவோடு சேரட்டும். பானி விழுந்த பெண்டில்டன் மைதானத்தில் பீப்பாய் ஓட்டத்தைச் சேர்த்தது 2000ஆம் ஆண்டில்தான். எழுபத்தோரு ஆண்டுகள்.

---

வைகைக்கரை

பீப்பாய் ஓட்டத்தின் தோற்றத்தை நான் கேலிபோல எழுதியிருந்தால் வருந்துகிறேன். கிடைத்த சிறு இடத்தை அந்தப் பெண்கள் தொழிலாக மாற்றினார்கள் என்பது உண்மை.

ஆனால் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. சுருக்குக் கயிறு? ஒக்லஹோமாவின் லூசில் மல்ஹால் 1900களின் தொடக்கத்திலேயே ஆண்களோடு நின்று எருதுக்குச் சுருக்குப் போட்டு வீழ்த்திக் கட்டினார். 1912 கால்கரி விழாவை உருவாக்கிய கை வெடிக் என்பவரின் மனைவி ஃப்ளோரஸ் லாடூ கயிறு சுழற்றும் கலையில் உலகப் பட்டத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்டில்டனில் மேபல் ஸ்ட்ரிக்லண்ட் இருந்தார். இவ்வளவு பெரிய மரபு இருந்தும், தேசிய இறுதிப் போட்டிக்குப் பெண்ணின் கயிறு எப்போது வந்தது?

---

மூன்று_பீப்பாய்

2020இல். கன்றுக்குச் சுருக்கு வீசும் போட்டி அது. கயிற்றின் மறுமுனையைச் சேணக் கொம்பில் மெல்லிய நூலால் கட்டியிருப்பார்கள். சுருக்கு கழுத்தில் விழுந்து கன்று ஓடும்போது நூல் பட்டென்று அறும், கடிகாரம் நிற்கும். கன்றைத் தரையில் வீழ்த்துவதும் இல்லை, கட்டுவதும் இல்லை. தேர்ந்தவர்களுக்கு இரண்டு மூன்று வினாடி வேலை.

பெருந்தொற்றால் அந்த ஆண்டு இறுதிப் போட்டி லாஸ் வேகஸிலிருந்து டெக்சாஸின் ஆர்லிங்டனுக்கு மாறியது. அங்கேதான் பெண்களின் சுருக்குப் போட்டிக்கு முதல் தேசிய இறுதிச் சுற்று நடந்தது. உலகப் பட்டம் வென்றவர் ஜாக்கி கிராஃபோர்டு. அப்போது அவர் கர்ப்பிணி.

அடுத்த ஆண்டு விழா லாஸ் வேகஸுக்குத் திரும்பியது. பெண்களின் சுருக்குப் போட்டியை முதன்மை அரங்கில் வைக்காமல், சில நாட்கள் முன்னதாகவே, வேறோர் அரங்கில் நடத்தினார்கள். கூட்டம் அங்கேயும் வந்தது என்பது எனக்கு ஆறுதல்.

---

நெல்மணி

ஒன்றும் தெரியாமல் வந்தேன், மூன்று மணி நேரமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். ஃபேனி ஸ்டீல் பிறகு என்ன ஆனார்?

---

செங்கரடு

1913இல் பில் ஸ்டீலை மணந்தார். இருவருமாக விழா விழாவாகச் சுற்றினார்கள். பிறகு மொன்டானாவிலேயே பண்ணை வைத்து, மலைக்கு வேட்டையாட வருபவர்களைக் குதிரையில் அழைத்துப் போகும் தொழிலில் இறங்கினார்கள். கணவர் 1940இல் இறந்த பிறகும் ஃபேனி அதைத் தனியாக நடத்தினார். குளிர்காலத்தில் தானே வைக்கோல் போட்டு, லாடம் அடித்து, பொதி ஏற்றி. எழுபது வயதைக் கடந்தும் விடவில்லை. வெள்ளையும் நிறமும் கலந்த புள்ளிக் குதிரைகள் என்றால் அவருக்கு உயிர். 1983இல், 95 வயதில், இறந்தார். ரெட் விங்கில் ஏறிய பெண் முதியவராகிப் படுக்கையில் இறந்தார் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் நிறைகிறது.

---

தூரத்துமேகம்

நீண்ட நாட்களாக வாசிக்கிறேன். இதுவே முதல் பதிவு. டெக்சாஸில் வசிக்கிறேன். ஃபோர்ட் வொர்த்தில் கௌகேர்ள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1975இல் ஹியர்ஃபோர்டு என்ற சிற்றூரின் நூலக அடித்தளத்தில் தொடங்கியது அது. இப்போதைய கட்டடம் 2002இல் திறந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரும் அதன் கௌரவப் பட்டியலில் இருக்கிறார். அரிசோனா எல்லையில் லேசி பி என்ற பண்ணையில் வளர்ந்தவர் அவர்.

நான் எழுத வந்தது கோனி ரீவ்ஸ் பற்றி. 1901இல் பிறந்தவர். டெக்சாஸ் மலைப்பகுதியில் பெண்களுக்கான கோடை முகாம் ஒன்றில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் குதிரையேற்றம் கற்பித்தார். அவரிடம் கற்ற சிறுமிகள் சுமார் 30,000 பேர். 2003இல், 101 வயதில், தன் குதிரையிலிருந்து விழுந்து சில நாட்களில் இறந்தார். உன் குதிரைக்கு எப்போதும் நீயே சேணம் பூட்டு என்பது அவர் சொல்லிவந்த வாக்கு.

என் மகளுக்குப் பத்து வயது. சென்ற மாதம் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்தேன். பயிற்சி தரும் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். முதல் நாள் குதிரையில் ஏற்றவே இல்லை. சேணத்தைக் காட்டி, தூக்கு என்றார். பதினைந்து கிலோவுக்குக் குறையாது. நான் கைகொடுக்கப் போனேன். அப்பா அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். மகள் முதல் முறை தூக்கியபோது அது குதிரையின் விலாவில் இடித்துக் கீழே விழுந்தது. இரண்டாம் முறை கம்பளி விரிப்பையும் சேர்த்து இழுத்துவிட்டது. நான்காம் முறை, ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, இடுப்பிலிருந்து வீசி, முதுகில் ஏற்றிவிட்டாள். அடிவாரை இறுக்கினாள். கொஞ்சம் நடத்திக் கூட்டிக்கொண்டு வா என்றார் அந்த அம்மா. வந்ததும் அடிவாரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் நான்கும் உள்ளே போயின. இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொள்ளுமாம். நாலு அடி நடந்ததும் விட்டுவிடுமாம். மறுபடியும் இறுக்கினாள்.

அன்றிரவு குளம்பொலியின் முதல் பதிவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பானியின் கால் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டாள். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அடுத்த வகுப்பில் ஏறுவதற்கு முன் குனிந்து, குதிரையின் வயிற்றுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினாள்.